தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில் பஞ்சபாண்டவர் மலை என்று ஊரார் சொல்லும் ஒரு குன்று இருக்கிறது. அதன் தென்முகத்தைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் சிவனுக்கு ஒரு கோயில் எடுத்தான். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். சத்ருமல்லன் என்ற தன் விருதுப்பெயரையே கோயிலுக்கும் வைத்து, சத்ருமல்லேசுவராலயம் ஆக்கினான். அங்கே செய்யுள் வடிவில் இரண்டு கல்வெட்டுகள் உண்டு. வடமொழியில் உள்ளது, அரசன் செய்வித்தான் என்று சொல்லி நின்றுவிடுகிறது. தமிழில் உள்ளதும் அரசனைத்தான் பாடுகிறது, ஆனால் கடைசியில் பாடியவன் பெயரையும் பதிந்துவிடுகிறது: சிவதாசன், இந்த ஊர்க்காரன். செய்வித்தவன் பெயர் இருக்கிறது, சொன்னவன் பெயர் இருக்கிறது. உளி பிடித்த கூட்டத்தில் ஒருவர் பெயர்கூட இல்லை. பல்லவர் காலத் தச்சர்களின் பெயரைத் தேடுகிறவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரிக்குப் போகவேண்டும். அங்கே ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சிலர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அதுவும் அவர்கள் செதுக்கிய கோயில் எதன் மேலும் அல்ல, ஊருக்கு வெளியே ஒரு கல்லில்.

இதை இங்கே எடுத்ததற்குக் காரணம் வேறொரு தொழில். தமிழ்நாட்டில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு இருக்கும் கல்லூரிகளில் எல்லாம் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆவணப்படம் எடுக்கிறார்கள். பாடத்திட்டம் கேட்கிறது, எடுக்கிறார்கள். தலைப்பு பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கோயில், பக்கத்து ஊர்க் கோட்டை, அழிந்துவரும் ஒரு கைத்தொழில். எடுத்து முடித்துவிட்டு எடிட்டிங்குக்கு உட்காரும்போதுதான் படம் என்ற ஒன்று உண்டாகிறது. கதைப்படத்துக்குத் திரைக்கதை முன்னால் இருக்கும். ஆவணப்படத்துக்கு அது பின்னால் வருகிறது, எடிட்டிங் மேசையில். அந்த மேசை ஒருவருடையதாக இருக்கலாமா, பலருடையதாக இருக்கவேண்டுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஆவணப்படத் தொகுப்பு தொடக்கத்திலிருந்தே கூட்டு வேலைதான், ஒற்றைப் பெயர் அதன் மேல் பின்னால் ஒட்டப்பட்டது என்பது என் கட்சி. மாணவர் படத்தில் கூட்டாகத் தொகுப்பதைப் பலரும் பயிற்சிக் காலத்துச் சமாளிப்பு என்று நினைக்கிறார்கள். தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் பழைய முறையே அதுதான்.

எடிட்டிங்கில் என்ன நடக்கிறது என்பதற்குத் தளவானூரையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அங்கே போய் இருபது நிமிடப் படத்துக்காக ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் என்னென்ன இருக்கும்? முகப்பின் இரண்டு தூண்கள், அவற்றின் மேல் வளைந்து நிற்கும் மகர தோரணம், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர். மகேந்திரனின் மற்றக் குடைவரைகளில் இப்படி ஒரு தோரணம் முகப்பில் கிடையாது என்பதால் அதைப் பல கோணத்தில் எடுத்திருப்பார்கள். உள்ளே போனால் ஒரு சிக்கல். முகப்பு தெற்கு பார்க்கிறது, கருவறை பக்கவாட்டில் கிழக்கு பார்க்கிறது. வெளியிலிருந்து நேரே நடந்துபோய் மூலவரைப் பார்ப்பது போன்ற ஷாட் அங்கே அமையாது, உள்ளே போய் இடப்பக்கம் திரும்பியாகவேண்டும். அந்தத் திருப்பத்தைக் காட்டாமல் வெளி முகப்பையும் சிவலிங்கத்தையும் அடுத்தடுத்து ஒட்டினால் பார்ப்பவர் மனத்தில் ஒரு பொய்க் கோயில் உருவாகிவிடும். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, நடுவில் நான்கு விநாடி வெட்டியதுதான் குற்றம். இடத்தை நேரில் பார்த்த இன்னொருவர் மேசைக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தத் தவறு கடைசிவரை தெரியவே தெரியாது.

அடுத்தது பேச்சு. ஊர்ப் பெரியவர் ஒருவர், பாண்டவர்கள் வனவாசத்தில் இந்த மலையில்தான் தங்கினார்கள் என்று சொல்லியிருப்பார். தமிழ்நாட்டில் குகை உள்ள மலைகளில் பாதிக்குப் பாண்டவர் தங்கிய கதை உண்டு, இதற்கும் உண்டு. தொல்லியல் படித்த ஒருவர், இது பல்லவர் வேலை, கல்வெட்டே சாட்சி என்று சொல்லியிருப்பார். இந்த இரண்டு பைட்டையும் (பேச்சுத் துண்டையும்) எந்த வரிசையில் வைப்பது? பெரியவரை முதலில் வைத்து ஆய்வாளரை அடுத்து வைத்தால், பெரியவர் அறியாமையில் பேசியவர் ஆகிறார். மாற்றி வைத்தால், படிப்பு ஒன்று சொன்னாலும் ஊர் நினைவு வேறொன்று என்ற தொனி வருகிறது. இரண்டு பேரும் சொன்ன சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெரியவர் பேசும்போது அவர் முகத்துக்குப் பதில் கல்வெட்டின் நெருக்கக் காட்சியைப் போட்டால் அது கேலி. ஆய்வாளர் பேச்சின் மேல் ஊரார் சூடம் காட்டும் காட்சியைப் போட்டால் அது வேறு கேலி. இந்த முடிவுகளை இரவு இரண்டு மணிக்கு, மறுநாள் காலை ஒப்படைக்கவேண்டிய அவசரத்தில், லேப்டாப் வைத்திருக்கிற ஒரு மாணவர் தனியாக எடுக்கிறார். நம் ஊர்களின் வரலாற்றில் ஒரு பகுதி இன்று இப்படித்தான் எழுதப்படுகிறது.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் இன்னொரு தளவானூர் உண்டு, தென்பெண்ணை ஆற்றங்கரையில். அங்கே கட்டிய தடுப்பணை 2021-இல் உடைந்து பெரிய செய்தியானது. இணையத்தில் தளவானூர் என்று தேடி, பழைய காட்சி ஏதாவது கிடைக்குமா என்று துழாவுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அந்த அணைக் காட்சிகளாகவே இருக்கக்கூடும். குடைவரையைப் பற்றிய படத்தில் ஊர் அறிமுகத்துக்கு அந்தத் தண்ணீரைச் சேர்த்துவிட்டால் செஞ்சிக் காட்டு ஊருக்கு இல்லாத ஆறு ஒன்று வந்துவிடும். தவறு நேர்வது சுலபம், பிடிப்பதற்கு ஊர் தெரிந்த இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

தொகுப்பு என்ற சொல்லைத் தமிழ் சினிமாக்காரர்கள் எடிட்டிங்குக்குப் பிடித்துவைத்தது நல்ல காரியம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. சங்கத் தொகைநூல்களைக் கையில் எடுத்தால் பாடியவர் பெயரோடு தொகுத்தவர் பெயரும் தொகுப்பித்தவர் பெயரும் தனித்தனியாக வருகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மனார், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகையில் தொகுத்த பூரிக்கோவின் பெயர் தங்கியது, தொகுப்பித்தவர் யாரென்று தெரியவில்லை. நற்றிணையில் நேர்மாறு: தொகுப்பித்த பாண்டியன் பெயர் நின்றது, தொகுத்தவர் பெயர் போய்விட்டது. பணம் கொடுத்தவரையும் வேலை செய்தவரையும் பாடியவரையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்ற தெளிவு நம் முன்னோருக்கு இருந்திருக்கிறது. தொகுத்தல் என்பது சும்மா அடுக்கிவைத்தல் அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். அகநானூற்றின் வரிசையைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் பாட்டெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி, நான்கில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். ஆக நானூறில் இருநூறு பாலை. பாலை அல்லாத எந்தப் பாட்டைத் திறந்தாலும் அதன் பக்கத்தில் பிரிவு நிற்கிறது. எந்தப் புலவரும் அப்படி எழுதவில்லை. அது தொகுத்தவர் செய்த வேலை. இரண்டு ஷாட்டுக்கு நடுவே மூன்றாவதை வைத்து மனநிலை உண்டாக்கும் எடிட்டர் இதைப் பார்த்தால் தன் இனத்தான் என்று கண்டுகொள்வார்.

தமிழில் ஆவணப்படத் தொகுப்புக்கு முதல் பெரிய உதாரணம் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர், பத்திரிகையாளர், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர். 1937-இல், கப்பல் பயணத்தில், காந்தியைப் பற்றி ஒரு படம் செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் புதிதாக எடுத்தது கொஞ்சம். முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு கேமராக்காரர்கள் உலகின் பல மூலைகளில் எடுத்துப்போட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்ததே அவருடைய பெரிய வேலை. ஏறத்தாழ லட்சம் மைல் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார், அதை 12,000 அடியாக்கி 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் படம் ஒலிப்பட வேகத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல், 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கிட்ட. நான்கில் ஒரு பங்கு நின்றது, மூன்று பங்கு கழிந்தது. தளவானூரில் ஆறு மணி நேரம் எடுத்து இருபது நிமிடம் ஆக்கும் மாணவர் குழு பதினெட்டில் ஒரு பங்கை வைத்துக்கொள்கிறது. கழிப்பதில் அவர்களுடைய பொறுப்பு செட்டியாருடையதைவிடப் பெரியது என்றே சொல்லவேண்டும்.

செட்டியாரின் படம் யார் படம்? செட்டியார் படம் என்றுதான் சொல்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் நூறு பேர் கண் வழியாக எடுத்த படம், அதில் பலர் பெயர் அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். படத்தைச் செய்துமுடிக்க டாக்டர் பி.வி. பதி போன்ற தொழில் தெரிந்தவர்கள் உதவினார்கள். செட்டியாரின் பெருமை அத்தனையும் தானே எடுத்தார் என்பதில் இல்லை, பிறர் எடுத்ததை அலைந்து சேர்த்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது. பின்னாளில் குமரிமலர் பத்திரிகையில் பழைய பத்திரிகைகளிலிருந்து மறந்துபோன கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டதும் அதே வேலையின் இன்னொரு பக்கம். பத்திரிகைக்கும் படத்துக்கும் எடிட்டர் என்ற ஒரே சொல்லை நாம் கடன் வாங்கியிருக்கிறோம், அவர் விஷயத்தில் அது பொருந்திவிட்டது. அந்தப் படத்துக்கு நேர்ந்த கதி தனியாகக் கவனிக்கத்தக்கது. பல ஆண்டுகள் அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய், கடைசியில் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிப்போய் அதன் ஆங்கில வடிவத்தின் பிரதியை அமெரிக்காவில் கண்டார். தமிழில் தொகுக்கப்பட்ட முதல் பெரிய ஆவணப்படத்தை ஆங்கிலம் வழியாகத்தான் மீட்க முடிந்தது.

படச்சுருள் காலத்து எடிட்டிங் மேசையைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தார்கள், ஏனென்றால் வேலை அப்படி. நெகட்டிவைத் தொடமாட்டார்கள். பாசிட்டிவ் பிரதி ஒன்று போட்டு அதை வெட்டுவார்கள். காட்சிச் சுருள் தனி, ஒலிச் சுருள் தனி. கிளாப் அடித்த இடத்தைப் பார்த்து இரண்டையும் ஒரு கோட்டில் கொண்டுவருவது ஓர் உதவியாளர் வேலை. வெட்டிய துண்டுகளை எண் எழுதிக் கொக்கியில் தொங்கவிட்டு, கேட்டபோது நொடியில் எடுத்துக்கொடுப்பது இன்னொருவர் வேலை. சிமெண்ட் போட்டு ஒட்டினால் ஒட்டுக்கு ஒரு பிரேம் போய்விடும், ஆகவே வெட்டும் முன் யோசிப்பார்கள், யோசிக்கும்போது பேசுவார்கள். எல்லாம் முடிந்தபின் சுருளின் ஓரத்து எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டுகிறவர் வேறொருவர். அந்த அறையில் நின்றவர்களுக்குத் தொழில் தானாக வந்தது. ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த எஸ்.பி. முத்துராமன் பின்னால் எத்தனை படங்களை இயக்கினார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பராசக்தியை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் பஞ்சுவே அதற்கு எடிட்டர். அவர்களிடம் எடிட்டிங் கற்றவர் பீம்சிங், பீம்சிங்கின் மகன் பி. லெனின் எடிட்டராகவே பெயர் பெற்றார். ஒரு மேசையைச் சுற்றி நின்றவர்கள் வழியாக மூன்று தலைமுறை.

சோவியத் ஒன்றியத்திலும் இதே கதைதான், அங்கே அதைப் படத்துக்குள்ளேயே காட்டிவிட்டார்கள். ஸீகா வெர்த்தோவின் 1929-ஆம் ஆண்டுப் படம் மூவி கேமராவுடன் மனிதன். ஓடிக்கொண்டிருந்த காட்சி ஓரிடத்தில் சட்டென்று உறைகிறது. அடுத்து எடிட்டிங் அறை, சுருள்களை வகைப்படுத்தி அடுக்கியிருக்கும் அலமாரி, குனிந்து பிரேமைப் பார்த்து வெட்டும் ஒரு பெண். அவர் எலிசவேத்தா ஸ்விலோவா, வெர்த்தோவின் மனைவி, படத்தின் எடிட்டர். அவர் ஒட்டியதும் உறைந்த முகங்கள் மறுபடி அசைகின்றன. கேமரா பிடித்தவர் வெர்த்தோவின் தம்பி மிகையில் காஃப்மான். இந்த மூன்று பேரும் தங்களை மூவர் அவை என்று அழைத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகங்களில் மட்டும் அது வெர்த்தோவ் படம். அமெரிக்காவில் மேசில்ஸ் சகோதரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தார்கள். பைபிள் விற்கும் ஆட்களைப் பற்றிய சேல்ஸ்மேன் என்ற 1969-ஆம் ஆண்டுப் படத்தை எடிட் செய்த ஷார்லட் ஸ்வெரினுக்கு இயக்குநர் என்றே தங்களோடு சேர்த்துப் பெயர் போட்டார்கள். எழுதிவைத்த கதை இல்லாத படத்தில் கதையைக் கண்டுபிடித்தவர் இயக்குநர் இல்லாமல் வேறென்ன என்பது அதன் பொருள்.

இந்தியாவில் திரைப்படக் கல்வி தொடங்கியபோதே கூட்டு வேலை பாடமாயிற்று. சென்னையில் 1945-இல் தொடங்கிய பயிற்சிதான் பின்னால் அடையாறு இன்ஸ்டிட்யூட் என்று பெயர் பெற்று, இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கி நிற்கிறது. புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி வந்தது. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி என நான்கு பிரிவு மாணவரும் ஒருவரை ஒருவர் நம்பியே பயிற்சிப் படம் முடிக்கவேண்டும் என்று புனேயில் ஏற்பாடு. அதற்குப் பெயரே கூட்டுப் பயிற்சி. அங்கே 2015-இல் மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் பல பேர் பல கருவிகளில் எடுத்துவைத்த காட்சிகள் நண்பர்களிடம் சிதறிக் கிடந்தன. அவற்றோடு வேறு பழைய துண்டுகளையும் சேர்த்து அங்கே மாணவியாக இருந்த பாயல் கபாடியா ஒரு படம் செய்தார், ரணபீர் தாஸ் தொகுத்தார். எதுவுமே அறியாத ஓர் இரவு என்று பொருள்படும் தலைப்பு. 2021-இல் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கக் கண் விருது அதற்குக் கிடைத்தது. மாணவர் வாழ்க்கையில் விளைந்த ஓர் ஆவணப்படம் உலக மேடைக்குப் போனது, செட்டியார் செய்ததுபோலவே பலர் எடுத்ததைச் சேர்த்துத்தான்.

கூட்டாகத் தொகுப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது தொழில்நுட்பம் பற்றியது. 1994-இல் வெளிவந்த மகாநதிதான் இந்தியாவில் முதன்முதலில் ஆவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப்பட்ட படம் என்பார்கள். அதன் பிறகு கொக்கியும் சிமெண்டும் போயின, உதவியாளர் கூட்டமும் போயிற்று. இன்று ஒரு மாணவர் ஒரு லேப்டாப்பில் வெட்டி, ஒலி சேர்த்து, நிறம் சரிசெய்து, டைட்டிலும் போட்டு முடித்துவிட முடிகிறது, அப்புறம் எதற்குக் கூட்டம்? கையால் செய்யும் வேலைக்கு ஆள் தேவையில்லை என்பது உண்மை, அதற்காக அழுவதில் பயனில்லை. ஆனால் பழைய மேசையில் ஆட்கள் சும்மா துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்கும்போது பார்த்தார்கள், பார்த்ததால் கேட்டார்கள். அந்தக் கேள்வியும் கருவியோடு சேர்ந்து போய்விட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. பிழையை ஒரு விசையில் திருத்திவிடலாம் என்ற வசதியால் வெட்டும் முன் பேசும் பழக்கமும் போயிற்று. ப்ராஜெக்ட் ஃபைல் ஒருவர் கணினியில் இருக்கிறது, மற்ற நான்கு பேர் ஏற்றுமதி செய்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பார்த்து கட்டைவிரல் காட்டுகிறார்கள். இதைக் கூட்டுத் தொகுப்பு என்று சொல்லமுடியாது.

இரண்டாவது எதிர்ப்பு கலை சார்ந்தது. ஐந்து பேர் சேர்ந்து வெட்டினால் ஆளுக்கொன்றாகத் தங்களுக்குப் பிடிக்காததை வெட்டிவிடுவார்கள், கடைசியில் யாருக்கும் பிடிக்காத படம் வரும் என்பது. பல மாணவர் படங்கள் ட்ரோன் காட்சியில் தொடங்கி, புல்லாங்குழல் பின்னணியில் ஆண்டுகளை அடுக்கி, பாதுகாக்கவேண்டும் என்று முடிவதைப் பார்த்தால் இந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சலிப்புக்குக் காரணம் அதிகம் பேசியது அல்ல என்று நினைக்கிறேன், பேசாமல் ஒத்துப்போனது. கூட்டாகத் தொகுப்பது என்றால் ஐந்து கை ஒரே விசைப்பலகையில் இருப்பதல்ல. கை ஒன்றுதான் இருக்கவேண்டும், வெட்டுகிறவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உள்ள உரிமை கேட்பது: இந்தப் பெரியவர் பேச்சை ஏன் இங்கே நிறுத்தினாய், அடுத்த வாக்கியத்தில் அவர் வேறு சொல்கிறாரே? வெட்டுகிறவருக்கு உள்ள கடமை பதில் சொல்வது. பதில் இருந்தால் வெட்டு நிற்கும், இல்லாவிட்டால் திரும்பும். பூரிக்கோ குறுந்தொகையை ஓட்டெடுத்துத் தொகுத்திருக்கமாட்டார், ஆனால் பாட்டு தெரிந்த ஒரு கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து தொகுத்திருப்பார் என்று எண்ண இடமுண்டு.

இந்தக் கேட்கும் உரிமையைப் படம் எடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள ஃபோகோ தீவில் 1967-இல் காலின் லோ என்ற இயக்குநர் மீனவர்களைப் படமெடுத்தார். தீவை விட்டு வெளியேறும்படி அரசு நெருக்கிக்கொண்டிருந்த காலம். எடுத்ததை அவர்களிடமே போட்டுக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியே காட்டினார். ஒரு கிராமத்தில் பேசியதை அடுத்த கிராமம் பார்த்தது, தங்கள் துன்பம் தனி ஆள் துன்பம் அல்ல என்று கண்டார்கள், கூட்டுறவு சங்கம் வைத்துத் தீவிலேயே தங்கினார்கள். நம் நாட்டில் அகமதாபாத் சேவா அமைப்பின் பெண்கள் 1984-இல் வீடியோ கற்றபோது அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் எடுத்தார்கள், அவர்களேதான் எடிட் செய்தார்கள். தங்கள் பேச்சு எங்கே வெட்டப்படுகிறது என்பது எழுத்தறியாதவருக்கும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஊர்க்காரரைக் கேட்டால் அவருக்குப் பிடித்ததை மட்டும் வைக்கச் சொல்வார் என்று இங்கே ஒரு மறுப்பு வரும். வரட்டும். அவர் சொன்னதற்காக உண்மையை மாற்றவேண்டியதில்லை. அவர் மறுத்தார் என்பதையே படத்தில் வைக்கலாம். பஞ்சபாண்டவர் மலைப் பெரியவரைப் பல்லவர் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தி, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் ஐயா என்று கேட்டு அந்தப் பதிலை வைத்தால், வரிசையால் அவரைக் கேலி செய்யவேண்டிய அவசியமே வராது.

மூன்றாவது எதிர்ப்பு மதிப்பெண். குழுவில் இரண்டு பேர் உழைக்கிறார்கள், மூன்று பேர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த வழக்கு. இதற்குக் கூட்டைக் கலைப்பது மருந்தல்ல. கணக்கு வைப்பதுதான் மருந்து, தொகைநூல்காரர்கள் செய்ததுபோல. எந்த ஷாட் யார் எடுத்தது, எந்தப் பைட் எந்த நிமிடத்தில் வெட்டப்பட்டது, யார் ஆட்சேபித்தார், என்ன முடிவானது என்று லாக் ஷீட்டில் எழுதிவைத்தால் உழைத்தவர் யார் என்பது தானே தெரியும். படச்சுருள் காலத்தில் இந்தக் குறிப்பு இல்லாமல் வேலையே நடக்காது. கம்ப்யூட்டர் வந்ததும் கைவிட்டது இதைத்தான்.

செஞ்சிப் பக்கம் எடுக்கும் படத்தை இவ்வளவு எச்சரிக்கையாகத் தொகுப்பதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். இனி கேமராக்கள் செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரிக்கே போகும். சிவாஜி 1677-இல் பிடித்தது, முகலாயப் படை பல ஆண்டு முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது, 1714-இல் தேசிங்கு ஆற்காட்டு நவாபோடு பொருது மடிந்தது எல்லாம் படமாகும். தேசிங்கு கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் ஊர் ஊராகப் போய், 1960-இல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தவன். மக்கள் மனத்தில் ஏற்கெனவே எடிட் செய்யப்பட்ட கதை அது, அதை மறுபடி வெட்ட மாணவருக்குத் துணிவு வராது. பக்கத்துத் தளவானூருக்கு அப்படி முன்னேற்பாடான கதை கிடையாது. புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ராய் போன்றோரின் தேடலும், கே.ஆர். சீனிவாசன் 1964-இல் பல்லவர் குடைவரைகளைப் பற்றி வெளியிட்ட நூலும், ஊரார் நினைவும்தான் முதல். அந்த மலையில் மாணவர் செய்யும் இருபது நிமிடம், பலருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரியவரும் முதல் செய்தியாகவும் கடைசிச் செய்தியாகவும் ஆகிவிடும்.

ஆகவே கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்று வேண்டுகோள். முதல் வெட்டு முடிந்ததும் ஒரு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்கே போய் ஒரு மாலை போட்டுக் காட்டுங்கள், ஃபைனல் கட் அதற்குப் பிறகு இருக்கட்டும். டைட்டிலில் தொகுப்பு என்று போட்டு ஒரே பெயரை எழுதாமல், வெட்டியவர், ஒலி கோத்தவர், சரிபார்த்தவர், ஊரில் வழிகாட்டியவர் என்று பிரித்து எழுதுங்கள். மதிப்பெண் வந்ததும் ஹார்டு டிஸ்க்கைக் காலிசெய்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெட்டி எறிந்த ஐந்து மணி நாற்பது நிமிடத்தையும் லாக் ஷீட்டோடு கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள், அடுத்த குழு வேறு விதமாகத் தொகுத்துப் பார்க்கட்டும்.